லேப்டாப் ஃபேனும் நைனாவோட ஸ்க்ரூ டிரைவரும்

டிஸ்கி: நான் கம்ப்யூட்டர் மெக்கானிக் கிடையாது. நாலு கடைக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுப் பொழைக்கிறவன். இதைப் படிச்சுட்டு நீங்க உங்க லேப்டாப்பைக் கழட்டி, திரும்ப மாட்டும்போது ரெண்டு ஸ்க்ரூ மிச்சம் வந்தா கம்பெனி பொறுப்பாகாது :-)

2023 மே மாசம். அக்னி நட்சத்திரம். திருவொற்றியூர்ல எங்க வீடு ரொம்பச் சின்னது. முன் ரூம்தான் என் ஆபீஸ், அதே ரூம்தான் நைனாவோட கட்டிலும். அந்த ரூம்ல மேஜை மேல இருக்கற லேப்டாப் மார்ச்லயே ‘உஸ்ஸ்ஸ்’னு ஆரம்பிச்சுது. ஏப்ரல்ல ‘ஊஊஊ’ன்னு ஆச்சு. மே மாசத்துல எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல லோடு கன்டெய்னரோட கியர் மாத்தற டிரெய்லர் வீட்டுக்குள்ள வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. “குக்கர் எத்தனை விசில் விட்டுச்சுன்னு எண்ண முடியலைங்க”ன்னு தங்கமணி ரெண்டு தடவை சாதத்தைக் குழைச்சாங்க. பழி லேப்டாப் மேல.

என்ன கம்பெனி லேப்டாப்னு கேக்காதீங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, அஞ்சு வருஷம் ஒழுங்கா உழைச்சுது. தப்பு அதோடது இல்லைன்னு கடைசியில தெரியத்தான் போகுது.

முதல்ல நமக்குத் தெரிஞ்ச வழியில இறங்கினேன். ஃபேன் வேகமா சுத்துதுன்னா உள்ள சூடு ஏறுதுன்னு அர்த்தம். சூடு ஏறுதுன்னா ஒண்ணு ப்ராசஸர் நிறைய வேலை பார்க்குது, இல்லைன்னா வேலை கம்மியா இருந்தும் சூடு வெளிய போக மாட்டேங்குது. இந்த ரெண்டுல எதுன்னு முதல்ல பிரிச்சுக்கணும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல சிபியுங்கற தலைப்பு மேல ஒரு தட்டு தட்டினா எவன் அதிகமாத் தின்றானோ அவன் மேல வந்து நிப்பான். என் மிஷின்ல ரெண்டு ஆன்ட்டி வைரஸ் இருந்துச்சு. ஒண்ணு நான் போட்டது, இன்னொண்ணு எதையோ இலவசமா இறக்கும்போது ஒட்டிக்கிட்டு வந்தது. ஒருத்தன் தொட்ட ஃபைலை இன்னொருத்தன் சோதனை போட, அவன் தொட்டதை இவன் சோதனை போட, ஒரே குழாயடிச் சண்டை. ஒருத்தனை வெளிய அனுப்பினேன். க்ரோம்ல 34 டேப் திறந்திருந்துச்சு (அதுல பாதி நம்ம நண்பர்களோட பதிவு, அப்புறம் படிக்கலாம்னு வெச்சது, ஹிஹி). அதையும் மூடினேன்.

சிபியு 4 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. ஃபேன் மட்டும் இறங்கலை.

இங்கதான் விஷயமே இருக்கு. வேலையே இல்லாத மிஷின் ஏன் கத்தணும்? உள்ள எத்தனை டிகிரின்னு காட்டற ஒரு இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 71. நம்ம ஊர் வெயிலுக்கு 45, 50 இருந்தா சரிங்கலாம். எக்செல்லையும் ஜி.எஸ்.டி. தளத்தையும் சேர்த்துத் திறந்தா 97-க்குப் போச்சு. பெரும்பாலான லேப்டாப் ப்ராசஸருக்கு 100 பக்கம்தான் எல்லைக்கோடு. அங்க போனா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும், அப்பவும் அடங்கலைன்னா பட்டுனு அணைஞ்சுடும். தற்காப்பு.

ஏரியாவுல ஒரு சர்வீஸ் கடை. பேர் வேணாம். அங்க இருந்த தம்பி காதுல வெச்சுக் கேட்டான். “ஃபேன் போச்சுண்ணா”ன்னான். 1,900 ரூபா. புது ஃபேன் போட்டான். பத்து நாள் பரவால்ல, பதினோராவது நாள் பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடுச்சு. திரும்பப் போனா, “அப்ப மதர்போர்டுதாண்ணா. எட்டாயிரம் ஆகும்”ங்கறான். எட்டாயிரத்துக்கு நான் எத்தனை ரிட்டர்ன் போடணும்! லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

அதுக்கு அப்புறம் ஓட்டினது ஒரு கைவைத்தியத்துல. பவர் ஆப்ஷன்ஸ் உள்ள போய் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல ‘மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்’னு ஒண்ணு இருக்கும், 100-ன்னு. அதை 99 ஆக்கிட்டா இன்டெல் ப்ராசஸர்கள்ல டர்போன்னு சொல்ற அந்த எகிறு வேகம் நின்னுடும். ஒரு சதவீதம் குறைச்சதுக்கு ஏழெட்டு டிகிரி குறைஞ்சுது. மிஷின் கொஞ்சம் மந்தமாகும், நம்ம வேலைக்குப் போதும். ஆனா இது வைத்தியம் இல்லை, தலைவலிக்குத் தைலம்.

தைலம் மே 19 வரைக்கும் தாங்கிச்சு.

கணக்கு எழுதறவங்களுக்கு ஒவ்வொரு மாசமும் 20-ஆம் தேதி என்னன்னு தெரியும். மாசா மாசம் போடறவங்களுக்கு 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். தாண்டினா ஒரு ரிட்டர்னுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபா லேட் ஃபீ, கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி தனி. காசிமேட்டுல ஐஸ் யாவாரம், தங்கசாலையில ஸ்டேஷனரி, ரெண்டு லாரி ஓனருங்கன்னு எனக்கு அன்னிக்கு 11 பேர் பாக்கி. இவங்க யாரும் லேட் ஃபீயை அவங்க கையில இருந்து கட்ட மாட்டாங்க. கட்டச் சொன்னா அடுத்த மாசம் வேற ஆள் பார்த்துக்குவாங்க. ராத்திரி ஒன்பதரைக்கு மூணாவது ஆளோட கணக்கைப் பார்த்துக்கிட்டு இருக்கேன், பட்டுனு ஸ்க்ரீன் கறுத்துப் போச்சு. ஆன் பண்ணினேன். பத்து நிமிஷம். மறுபடியும் பட்டு. மூணாவது தடவை நாலே நிமிஷம்.

நான் தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், கட்டில்ல இருந்து குரல்.

“இன்னாடா அது, ஒயுங்கா ஓட மாட்டேங்குதா?”

இப்ப நைனாவைப் பத்திச் சொல்லணும். லைட்டா கொசுவத்தி சுத்திக்கோங்க. விம்கோ தீப்பெட்டி, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., எண்ணூர்ல லேலண்டுன்னு சங்கு ஊதினா வீதியே சைக்கிளா மாறின ஊர் இது. அந்த வரிசையில ஒரு தொழிற்சாலையில, பேர் வேணாம், நைனா 31 வருஷம் ஃபிட்டர். மெயின்டனன்ஸ் செக்‌ஷன். மிஷின் சத்தத்துலயே நின்னு இடது காது சுத்தமா அவுட், வலது காது பாதி. அதனாலதான் ரெண்டு மாசமா இந்த லேப்டாப் கத்தினது வீட்டுல அவரை மட்டும் தொந்தரவு பண்ணலை.

எழுந்து வந்தாரு. வரும்போதே கட்டிலுக்கு அடியில இருந்த தகரப் பெட்டியில இருந்து ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு வந்தாரு. நான் பயந்துட்டேன். “நைனா, இதெல்லாம் எலெக்ட்ரானிக்ஸ், நீ...”

“தா, சும்மா இரு. ஆன் பண்ணு.”

ஸ்க்ரூ டிரைவரோட முனையை லேப்டாப் மேல, ஃபேன் இருக்கற மூலையில மெதுவா வெச்சாரு. பிடியை வலது காதுக்கு முன்னாடி இருக்கற எலும்புல அழுத்திக்கிட்டாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. டாக்டருக்கு ஸ்டெத் மாதிரி ஃபிட்டருக்கு இது. பேரிங் தேஞ்சிருக்கா, கிரீஸ் வத்திருக்கா, எந்தப் பக்கம் இடிக்குதுன்னு மோட்டாரைக் கழட்டாமலே சொல்லுவாங்க. காத்து வழியா வர்ற ஊர்ச் சத்தம் கலக்காம, அந்த இரும்போட அதிர்வு மட்டும் நேரா எலும்பு வழியா உள்ள போகும். நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்க வீட்டு மிக்ஸிக்கு, பக்கத்து வீட்டு மோட்டாருக்கு, ஒரு தடவை தெருவுல நின்ன புல்லட்டுக்கு எல்லாம் வெச்சுப் பார்த்திருக்காரு.

அரை நிமிஷம் ஆச்சு.

“பேரிங் பட்டு மாதிரி கீது. கரகரன்னு ஒண்ணும் இல்ல. காத்துதான் திணறுது. இது ஊதுது, போறதுக்கு வயி இல்ல. கதவைச் சாத்திட்டு ஓடுறா ஓடுறான்னா அது இன்னா பண்ணும்? தொற.”

எனக்கு உறைச்சுது. புது ஃபேன் போட்டும் ஏன் சத்தம் வந்துச்சுன்னு அந்தக் கடைத்தம்பியும் யோசிக்கலை, பணம் கொடுத்த நானும் யோசிக்கலை. கரகரன்னு, டிக் டிக்னு அரைக்கற மாதிரி சத்தம் வந்தா ஃபேன்ல கோளாறு. சீரா ‘ஊ’ன்னு சூறாவளி மாதிரி வந்தா ஃபேன் நல்லா இருக்கு, வேற எங்கயோ கோளாறு. இதை நீங்களும் குறிச்சுக்கோங்க, 1,900 மிச்சம்.

பத்தேகால் மணி. “நாளைக்குக் கடைசி நாளை வெச்சுக்கிட்டு இப்பப் போய்க் கழட்டணுமா?”ன்னு தங்கமணி கேட்டது நியாயம்தான். ஆனா நாலு நிமிஷம் ஓடற மிஷினைக் கழட்டாம இருந்தும் புண்ணியம் இல்லை.

கழட்டினோம். சார்ஜரைப் பிடுங்கிட்டு, அடிப்பக்க மூடியில 11 ஸ்க்ரூ. நைனா ஒரு பழைய காலண்டர் தாள்ல லேப்டாப்பைப் படமா வரைஞ்சு, எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சோ அந்த இடத்துல படத்து மேலயே வெச்சாரு. ரெண்டு ஸ்க்ரூ சைஸ் வேற, மாத்தி மாட்டினா மூடியைக் குத்திக்கிட்டு மேல வந்துடும். மூலையில இருந்த ஸ்க்ரூ ரெண்டு துருப்பிடிச்சிருந்துச்சு. கடல் காத்து. எங்க ஜன்னல் கம்பிக்குப் பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் அடிச்சும் தோல் உரியுது, இது எம்மாத்திரம். மூடியை நெம்பறதுக்குக் காலாவதி ஆன ஏ.டி.எம். கார்டு. உள்ள போனதும் முதல் வேலை பேட்டரி வயரைப் பிடுங்கறது. அப்புறம் பவர் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கிப் பிடிச்சா மிச்சம் மீதி கரன்ட்டும் போயிடும்.

ஃபேனைத் தனியா எடுத்தோம். அது புதுசு, பளபளன்னு இருந்துச்சு. அதுக்கு எதிர்ல, காத்து வெளிய போற இடத்துல, சீப்புப் பல் மாதிரி நெருக்கமா தகடுகள் இருக்கும். அந்தத் தகடே கண்ணுக்குத் தெரியலை. கறுப்பும் சாம்பலுமா ஒரு கம்பளித் துண்டை வெட்டி வெச்ச மாதிரி முழுசா மூடியிருந்துச்சு. ட்வீஸரால ஒரு ஓரம் பிடிச்சு இழுத்தேன், தோசை மாதிரி ஒரே துண்டா கையோட வந்துச்சு.

நான் தூக்கிப் போடப் போனேன். நைனா வாங்கிக்கிட்டாரு. விளக்குக்கு அடியில வெச்சு, கொஞ்சம் பிச்சு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சுத் தேய்ச்சாரு.

“இந்தப் பஞ்சு உன் தலகாணி. இந்தக் கறுப்பு பாரு, கையில அப்பிக்கும், இது கரி, லாரிப் புகை. இது தனியா வயுக்குது பாரு, பவுடர் கணக்கா. சாம்பல்.”

அவர் சொன்னதைப் பிறகு தேடிப் படிச்சேன். அனல் மின் நிலையத்துச் சாம்பலை மைக்ராஸ்கோப்புல பார்த்தா பெரும்பாலும் குட்டிக் குட்டிக் கண்ணாடி உருண்டைகள்தானாம். அதனாலதான் விரல்ல வழுக்குது, அதனாலதான் சிமென்ட்டுல கலந்தா கலவை வழுவழுன்னு ஓடுது. மைக்ராஸ்கோப்புக்கு வர்ற விஷயத்தை விரல்ல சொல்லிட்டாரு மனுஷன்.

ராயபுரத்துல எங்க அத்தை வீட்டு மொட்டை மாடியில வெள்ளை வேட்டி காயப்போட மாட்டாங்க. துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கி ஏத்தின காலம். சாயங்காலம் எடுக்கும்போது வேட்டியில புள்ளி புள்ளியா இருக்கும். வழக்கு நடந்து, 2011-ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தூசிச் சரக்கெல்லாம் இங்க கையாளக் கூடாது, எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கொண்டு போங்கன்னு சொல்லுச்சு. அக்டோபரோட நின்னுச்சு. ராயபுரத்துல கொண்டாடினாங்க, அத்தை வெள்ளைத் துணி காயப்போட ஆரம்பிச்சாங்க. எண்ணூர்த் துறைமுகம் (2014-ல இருந்து காமராஜர் துறைமுகம்) 2001-ல திறந்ததே அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டு வரத்தான். ராயபுரத்துல காலி பண்ணின தூசி எங்க பக்கம் வடக்கால குடி வந்துச்சுன்னு வெச்சுக்கோங்களேன். பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல மூடிட்டாங்க. அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. கன்டெய்னர் லாரிங்க எக்ஸ்பிரஸ் ரோட்டுல வரிசையில நின்னுக்கிட்டுதான் இருக்கு. தங்கமணி காலையில துடைச்ச மேஜையை சாயங்காலம் விரலால தொட்டுப் பாத்தா ரேகை எடுக்கலாம்.

எங்க விட்டேன்? ஆங். தகட்டைப் பல் விளக்கற ப்ரஷ்ஷால சுத்தம் பண்ணினோம். ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டுதான் ஊதணும். சும்மா விட்டு ப்ளோயரால ஊதினா ஃபேன் தறிகெட்டுச் சுத்தும், பேரிங்கும் போகும், மோட்டாரே டைனமோ மாதிரி கரன்ட்டைத் திருப்பி போர்டுக்கு அனுப்பும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர்ல காத்து அடிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அந்தக் காத்துல தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து வரும்.

நைனாவுக்கு அந்தச் செம்புக் குழாய் மேல கண்ணு. ப்ராசஸர்ல இருந்து தகடு வரைக்கும் சப்பையா ஒரு குழாய் போகும். “உள்ள இன்னா கீது?”ன்னாரு. கொஞ்சூண்டு தண்ணி, காத்தை உறிஞ்சிட்டு மூடியிருப்பாங்க, ப்ராசஸர் பக்கம் ஆவியாகி, தகடு பக்கம் போய்க் குளிர்ந்து, திரும்பத் தண்ணியா வந்துடும்னு சொன்னேன். “பாய்லரு!”ன்னு அப்படி ஒரு சந்தோஷம். 31 வருஷம் பார்த்ததை உள்ளங்கை சைஸ்ல பார்த்தா வராதா பின்ன.

அதைக் கழட்ட விடலை நான். அதைத் தூக்கினா அடியில இருக்கற தெர்மல் பேஸ்ட் உடைஞ்சுடும், புதுசு தடவாம மாட்டக் கூடாது. ராத்திரி பதினொண்ணுக்கு பேஸ்ட்டுக்கு எங்க போறது? திங்கக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கிட்டு வந்து போட்டோம். எதுக்குப் பேஸ்ட்டுன்னு நான் விளக்க ஆரம்பிச்சா, அவர் என்னை நிறுத்திட்டாரு. “ரெண்டு இரும்பு எவ்ளோ வயவயன்னு இருந்தாலும் ஒட்டாதுடா. ப்ரஷ்யன் ப்ளூ தடவி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாரு, நாலு எடத்துலதான் ப்ளூ ஒட்டியிருக்கும், மீதியெல்லாம் சந்து. அந்தச் சந்துக்குத்தான் இது.” நெட்டுல மூணு வீடியோ பார்த்து நான் புரிஞ்சுக்கிட்டது. அரிசி அளவு பேஸ்ட் வெச்சு, ஸ்க்ரூவை 1, 2, 3, 4-ன்னு பக்கத்துல போட்டிருக்கற நம்பர்படி கொஞ்சம் கொஞ்சமா முடுக்கினாரு. நம்பர் பார்க்கவே இல்லை. குறுக்கால குறுக்கால முடுக்கறதுதான் அந்த நம்பர்.

19-ஆம் தேதி ராத்திரிக்கு வர்றேன். பதினொன்றரைக்கு ஆன் பண்ணினேன். சத்தமே இல்லை. ஃபேன் வயரை மாட்ட மறந்துட்டேனோன்னு வயித்தைக் கலக்கிடுச்சு. பின்னாடி கையை வெச்சுப் பார்த்தா வெதுவெதுன்னு காத்து வருது. 52 டிகிரி. எக்செல் திறந்து, தளத்தைத் திறந்து, எல்லாம் பண்ணியும் 81. (பேஸ்ட் போட்ட பிறகு 74.) இருபதாம் தேதி மத்தியானத்துக்குள்ள 11 பேருக்கும் போட்டு முடிச்சேன்.

ஆனா அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை. தூசியைக் கிளறினதுல நைனாவுக்கு இருமல் வந்துச்சு. ஒரு மணி வரைக்கும் நிக்கலை. அப்புறம் நின்னு, மூச்சு மட்டும் விசில் மாதிரி வந்துக்கிட்டு இருந்துச்சு. உள்ள இழுக்கும்போது ஒண்ணும் இல்லை, விடும்போது. அது அன்னிக்குப் புதுசா வந்ததில்லை. எத்தனையோ மாசமா வந்திருக்கும். ரெண்டு அடி தள்ளி உக்காந்திருந்த எனக்கு லேப்டாப் சத்தத்துல கேக்கலை. ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரிக்கு வான்னு தங்கமணி கூப்பிட்டு, “எனக்கு ஒண்ணும் இல்லம்மா, வயசு”ன்னு அவர் சொல்லி, நானும் சரின்னு விட்டிருக்கேன்.

காலையில டீ குடிக்கும்போது அவராத்தான் கேட்டாரு. “அந்த நெஞ்சு டாக்டரு எத்தினி மணிக்கு வராரு?”

நான் ஒண்ணும் கேக்கலை. மேஜை ஓரத்துல அந்தக் கறுப்புக் கம்பளித் துண்டு காலண்டர் தாள்ல அப்படியே இருந்துச்சு. அவர்தான் எடுத்து வெச்சிருந்தாரு.

அடுத்த வாரம் போனோம். ஒரு குழாயை வாயில வெச்சு, முழு மூச்சையும் வேகமா ஊதச் சொன்னாங்க. மூணு தடவை. கம்ப்யூட்டர்ல ஒரு கோடு வந்துச்சு, மேல ஏறாமலே சரிஞ்சுது. டாக்டர் சின்ன வயசுப் பையன். முதுகுல ஸ்டெத் வெச்சு இடம் மாத்தி மாத்திக் கேட்டாரு. நைனா என் பக்கம் திரும்பி, தான் மெதுவாப் பேசறதா நெனச்சுக்கிட்டு, ஹால் முழுக்கக் கேக்கற மாதிரி, “ஸ்க்ரூ டிரைவர் வெக்கிறாரு”ன்னாரு. அப்புறம் டாக்டரைப் பார்த்து, “பேரிங் போச்சா சார், இல்ல அடைப்பு மட்டும்தானா?”

டாக்டர் முழிச்சாரு. நான் மொழிபெயர்த்தேன். சிரிச்சுட்டு, மூச்சுக் குழாய் சுருங்கியிருக்கு, லேப்டாப் மாதிரி கழட்டித் துடைக்க முடியாது, இருக்கறதை வெச்சு நல்லா ஓட்டலாம்னு சொன்னாரு. ஊரா, தொழிற்சாலையா, 2005-ல விட்ட பீடியான்னு கேட்டேன். எல்லாம் சேர்ந்துதான், எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னுட்டாரு. விரல்ல தேய்ச்சுப் பிரிக்க இது தகட்டுல இருந்து வந்த தூசி இல்லையே.

லேப்டாப்பை இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவை திறக்கறோம். நைனாதான் தேதி சொல்லுவாரு. அடியில ரெண்டு மரக்கட்டை வெச்சு ஒரு இஞ்ச் தூக்கிக் கொடுத்திருக்காரு, காத்து போக. ரோட்டுப் பக்க ஜன்னலுக்குத் தங்கமணி ஈரத்துணி கட்டறாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு நான் கணக்குப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது, பின்னாடி கட்டில்ல அவர் இன்ஹேலரைக் குலுக்கற சத்தம் கேக்கும். அப்புறம் ஒரு இழுப்பு. பத்து வரைக்கும் எண்ணிட்டு விடுவாரு. நானும் எண்ணுவேன்.